செவிலியர் மருந்தியலைப் பணியில் பயன்படுத்துவது எப்படி?

காலையில் பணி மாறியதும் மருந்து டிராலி முதல் கட்டிலை நோக்கி நகரத் தொடங்குகிறது. மருத்துவர் எழுதிவிட்டார், மருந்தாளுநர் எடுத்துக் கொடுத்துவிட்டார். நோயாளியின் உடலுக்குள் போவதற்கு முன் அந்த மருந்தைக் கடைசியாகத் தொடுவது செவிலியரின் கை. எழுதியதில் பிழை இருந்தாலும், எடுத்துக் கொடுத்ததில் பிழை இருந்தாலும், அதைப் பிடிக்க இதற்கப்பால் ஆள் இல்லை.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் பயிற்சிக் காலத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் அந்த ஐந்தும் சரியாக இருந்தும் மருந்து கெடுதல் செய்யலாம். நேற்று எழுதிய, இதயத் துடிப்பைக் குறைக்கும் டிகாக்சினை இன்று காலை நாடித்துடிப்பு 48-ஆக இருக்கும் பெரியவருக்கு, சரியான நேரத்தில், சரியான அளவில் கொடுத்துவிட முடியும். இந்த இடைவெளியை நிரப்புவதுதான் மருந்தியல். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் புதிதாகப் பணிக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றே: எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும், "இது இவர் உடலில் என்ன செய்யப்போகிறது, அதைச் செய்கிறது என்று நான் எதைப் பார்த்து அறிவேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெரியாத மருந்தைக் கொடுக்காதீர்கள். விடையைத் தெரிந்துகொண்டு வந்து கொடுங்கள்.

பெயரிலிருந்து குடும்பத்தைப் பிடியுங்கள்

நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. குடும்பம் குடும்பமாகப் படித்தால் முடியும். அட்டனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் என்று 'ஓலால்' என முடிபவை இதயத் துடிப்பைக் குறைப்பவை. கொடுக்கும் முன் நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், ஆஸ்துமா உண்டா என்று கேட்க வேண்டும். எனாலாப்ரில், ராமிப்ரில் போல 'ப்ரில்' என முடியும் இரத்த அழுத்த மருந்துகளால் வறட்டு இருமல் வரலாம், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், அரிதாக உதடும் நாக்கும் வீங்கலாம். லோசார்டான், டெல்மிசார்டான் வகையில் இருமல் தொல்லை குறைவு. பொட்டாசியக் கவலை அப்படியே இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கினால், ஆறு மாதத்தில் உங்கள் வார்டுக்குத் தேவையானது முழுவதும் அதில் வந்துவிடும்.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரில் வாங்கி அனுப்புகிறது. தனியார் மருத்துவர் எழுதித்தரும் சீட்டிலோ வணிகப்பெயர் இருக்கும். இரண்டு இடத்திலும் வைத்தியம் பார்க்கும் ஒருவர், இரண்டு அட்டைகளும் வேறு வேறு மருந்து என்று நம்பி, ஒரே அம்லோடிபின் இரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் ஒரு பெயரிலும் இரவில் இன்னொரு பெயரிலும் விழுங்கிக்கொண்டிருப்பார். கால் வீக்கத்தோடும் தலைச்சுற்றலோடும் வந்து, "மாத்திரை ஒழுங்காத்தான் சாப்பிடறேன் சிஸ்டர்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆகவே புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் மஞ்சள் பையையோ சுருக்குப் பையையோ அவிழ்க்கச் சொல்லி, அட்டையைத் திருப்பி, வணிகப்பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைப் படியுங்கள். கடையில் காகிதத்தில் மடித்து வாங்கிய உதிரி மாத்திரைகள், நாட்டு மருந்துப் பொடிகள், சித்த மருந்துகள் எல்லாவற்றையும் கேளுங்கள். திட்டப்போகிறோம் என்ற பயம் வந்தால் மறைத்துவிடுவார்கள். குரல் அப்படி இருக்க வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தில் ஒலி ஒற்றுமையும் ஒரு பொறி. டோபமினும் டோபுட்டமினும், கார்பமாசெபினும் கார்பிமசோலும், ஹைட்ராலசினும் ஹைட்ராக்சிசினும் அடுத்தடுத்து நிற்கும் அலமாரியை நான் பார்த்திருக்கிறேன். வலிப்புக்கும் தைராய்டுக்கும் உள்ள தூரம் கார்பமாசெபின், கார்பிமசோல் என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவே இல்லை. மருந்து எதற்காக எழுதப்பட்டது என்று கேஸ் ஷீட்டில் உள்ள நோயோடு ஒப்பிட்டால் இந்தப் பிழை உடனே வெளிப்படும். பெயரை மட்டும் படிப்பவருக்கு வெளிப்படாது.

கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் 120 மி.கி. தேவை. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் இது 4.8 மி.லி.; 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதில் 2.4 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.2 மி.லி. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இனிப்புத் தண்ணீர். "அஞ்சு மி.லி. குடுங்க" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிய தாய், வீட்டில் இருந்த சொட்டு மருந்தில் 5 மி.லி. ஊட்டினால் குழந்தைக்குப் போவது 500 மி.கி., அதாவது கிலோவுக்கு 60 மி.கி.க்கும் மேல். ஆகவே மி.லி. கணக்கைச் சொல்லும்போது புட்டியையும் கையில் காட்டிச் சொல்லுங்கள். அளவுக் குப்பியில் கோட்டைப் பேனாவால் குறித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இன்சுலினில் என் கண்முன் நடந்த ஒன்று. பெயர் சொல்ல வேண்டாத ஓர் இடத்தில், நான் பணிக்குச் சேர்ந்த புதிதில், பெரியம்மா ஒருவருக்கு நான்கு நாளாகச் சர்க்கரை இறங்கவில்லை. அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். நானும் அந்த நான்கு நாளில் இரண்டு நாள் ஊசி போட்டவள்தான். ஐந்தாம் நாள் காலையில் மூத்த செவிலியர் ஒருவர் என் கையில் இருந்த சிரிஞ்சை வாங்கி, மூடியைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் இன்சுலின் வயலின் (மருந்துக் குப்பியின்) பக்கத்தில் வைத்தார். வயலில் 1 மி.லி.க்கு 40 யூனிட் என்று இருந்தது. சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம், 100 யூனிட்டுக்கானது. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் 0.2 மி.லி.; 40 யூனிட் இன்சுலினில் அது வெறும் 8 யூனிட். ஐந்தாம் நாள் ஏற்றிய அளவைச் சரியான சிவப்பு மூடிச் சிரிஞ்சில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. எதிர்ப்பக்கம் இதைவிடக் கொடியது: 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். வயலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாய்விட்டுப் படித்துவிட்டு ஊசியைக் குத்துங்கள்.

சொட்டுக் கணக்கு எளிது. சோம்பல்தான் பிழைக்குக் காரணம். 500 மி.லி. திரவம் 4 மணி நேரத்தில், 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் போக வேண்டுமானால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு 42 சொட்டு. மைக்ரோ செட்டில் 1 மி.லி.க்கு 60 சொட்டு என்பதால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட்டின் உறையில் சொட்டு எண் அச்சிட்டிருக்கும். உறையைக் கிழித்து எறியும் முன் படியுங்கள்.

பொட்டாசியம் குளோரைடைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே எழுதுகிறேன். 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவேலன்ட் இருக்கிறது. அதை நேராக நரம்பில், அதாவது இரத்தக் குழாயில், செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சலைன் பாட்டிலில் கலந்து, சாதாரணக் கை நரம்பில் மணிக்கு 10 மில்லி ஈக்விவேலன்டுக்கு மேல் போகாமல் ஏற்ற வேண்டும்; தொடங்கும் முன் சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் கலந்துவிட்டு அப்படியே விட்டால், கனமான மருந்து அடியில் தேங்கி முதல் சில நிமிடத்திலேயே அடர்த்தியாக இறங்கும். பாட்டிலை இறக்கி, கலந்து, தலைகீழாகப் பலமுறை திருப்பிய பிறகே மாட்டுங்கள். இந்த ஆம்பூலை டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல்களோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

நெல் வயலில் இருந்து வரும் நஞ்சு

மேட்டூர் திறந்து, குறுவை நட்டு, மருந்தடிப்புத் தொடங்கியதும் நம் அவசரப் பிரிவுகளுக்கு ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி நஞ்சு வரத் தொடங்கும். காற்றுக்கு எதிரே நின்று, வாயில் துண்டுகூடக் கட்டாமல் தெளித்தவரும் அதில் உண்டு. எச்சில் ஒழுக, வேர்த்து நனைந்து, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கி, மூச்சில் கொரகொர என்ற ஒலியோடு தூக்கி வருவார்கள். கையுறை போட்டுக்கொண்டு, உடைகளைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் விட்டு உடலைக் கழுவுவது மருத்துவத்தின் பகுதிதான்; தலைமுடியிலும் நகக்கண்ணிலும் இருக்கும் நஞ்சு தோல் வழியே உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

இந்த நஞ்சு கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. அதனால் சுரப்பிகளைத் தூண்டும் அசிட்டைல்கோலின் சிதையாமல் குவிகிறது. சுரக்கும் இடமெல்லாம் சுரந்துகொண்டே இருக்கிறது. அவர் தன் நுரையீரல் நீரிலேயே மூழ்குகிறார் என்று புரிந்துகொண்டால், இந்தச் சுரப்பை அடக்கும் அட்ரோபின் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்: நெஞ்சைப் பார்க்க வேண்டும். நம் ஆம்பூலில் 0.6 மி.கி. இருக்கிறது. தொடக்க அளவு 1.8 முதல் 3 மி.கி. என்றால் மூன்று முதல் ஐந்து ஆம்பூல். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து, போதவில்லை என்றால் இரண்டு மடங்கு. மீண்டும் பார்த்து, மீண்டும் இரண்டு மடங்கு. ஆம்பூல் உடைப்பதற்கே ஒருவர் தேவைப்படும். புதிதாக வந்தவர்கள் இருபது ஆம்பூலைக் கண்டு மிரண்டு, "இவ்வளவு போடலாமா அக்கா?" என்று கையை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நுரையீரலின் இரு அடிப்பகுதியிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு ஈர ஒலி இல்லாமல் போவது, அக்குளில் கைவிட்டால் உலர்ந்திருப்பது, துடிப்பு 80-க்கு மேலும் மேல் இரத்த அழுத்தம் 80-க்கு மேலும் இருப்பது, கண்மணி குண்டூசி முனையிலிருந்து விரிவது ஆகியவைதான் போதும் என்பதன் அடையாளங்கள். கண்மணியை மட்டும் நம்பக்கூடாது. அது தாமதமாகவும் விரியும், கண்ணில் நஞ்சு பட்டிருந்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கியே இருக்கும். துடிப்பு ஏற்கெனவே வேகமாக இருக்கிறது என்பதற்காக, நெஞ்சில் நீர் இருக்கும்போது அட்ரோபினை நிறுத்தவும் கூடாது.

நெஞ்சு தெளிந்தபின் தொடர் டிரிப்பில் போகும்போது செவிலியரின் வேலை திசை மாறுகிறது. இப்போது மிகுதியைத் தேட வேண்டும். காற்றில் எதையோ பிடுங்குவதுபோல் கை அலைகிறதா, உடல் சுடுகிறதா, குடல் ஒலி நின்றுவிட்டதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் அட்ரோபின் கூடிவிட்டது. டிரிப்பை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். புத்தி கலங்கிக் கட்டிலில் எழுந்து ஓடப் பார்ப்பவரைக் "குடிகாரர்" என்று ஒதுக்கிவிடும் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. உறவினர்கள் வேறு, "பைத்தியம் பிடிச்சிடுச்சா?" என்று அழுவார்கள். இது மருந்தின் மிகுதி, குறைத்தால் தெளியும் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இதே நஞ்சுக்கான இன்னொரு மருந்தான பிராலிடாக்சிம், வார்டு மொழியில் 'பாம்', எழுதப்பட்டிருந்தால் மெதுவாக, அரைமணி நேர டிரிப்பாக ஏற்ற வேண்டும். வேகமாகச் செலுத்தினால் வாந்தியும் துடிப்பு வேகமும் வரும், இதயமே நிற்கவும் கூடும். பிறகு ஒன்று: எல்லாம் சரியாகி, நோயாளி காபி கேட்கும் நிலைக்கு வந்தபின், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் தசைகள் தளர்ந்து மூச்சு நிற்கலாம். அது வருவதை முதலில் காட்டிக்கொடுப்பது கழுத்து. ஒவ்வொரு பணி மாற்றத்திலும், "ஐயா, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் காத்திருக்க நேரமில்லை.

பாம்புக்கடி

அறுவடையிலும் வரப்பிலும் கண்ணாடி விரியன், தரையில் படுத்துறங்குபவருக்குக் கட்டு விரியன். நம்மிடம் உள்ள பாம்பு நஞ்சு முறிமருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. ஆகவே எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும், நஞ்சேறிய அறிகுறி இருந்தால் கொடுக்கலாம். தொடக்கம் பொதுவாக 10 வயல். பொடியைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துப்போகும், உருட்டிக் கரைக்க வேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைத்துக் கொள்வதில்லை. முறிமருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதால் ஒவ்வாமை வரலாம். எனவே டிரிப்பைத் திறக்கும் முன்பே 1:1000 அட்ரினலினை (பெரியவருக்கு 0.5 மி.லி.) சிரிஞ்சில் எடுத்து, பெயர் ஒட்டி, கட்டிலருகே வைத்திருங்கள். முதல் அரை மணி நேரம் அருகிலேயே நில்லுங்கள். அரிப்பு, தடிப்பு, நடுக்கம், வாந்தி, இழுப்பு, இவற்றில் எது தொடங்கினாலும் டிரிப்பை நிறுத்தி, தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலினைப் போட வேண்டும்.

இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்குப் புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். சோப்புத் தூளால் கழுவிய குழாயில் நல்ல இரத்தமும் உறையாமல் போகும். பிளாஸ்டிக் குழாயும் உதவாது. உறையாத இரத்தம் உள்ளவருக்கு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுவிடாதீர்கள். இடுப்பில் இரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டு விரியன் கடியில் கடிவாயே தெரியாமல் வயிற்றுவலி மட்டும் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்தவரின் இமை சரிகிறதா என்று பாருங்கள்.

பிரசவ அறையில் மெக்னீசியம்

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் ஏறி, கண் மங்கி, தலை வலிக்கிறது என்ற கர்ப்பிணியை மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன் வலிப்பைத் தடுக்க முதல் அளவு மெக்னீசியம் சல்பேட்டைக் கொடுப்பது பெரும்பாலும் செவிலியர்தான். நம் 2 மி.லி. ஆம்பூல் 50 சதவீதம், அதில் 1 கிராம். இரத்தக் குழாயில் 4 கிராம் கொடுக்க 4 ஆம்பூலை, அதாவது 8 மி.லி.யை, 12 மி.லி. டிஸ்டில்டு வாட்டரோடு சேர்த்து 20 மி.லி. ஆக்கினால் 20 சதவீதம் ஆகிறது. இதை ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் செலுத்த வேண்டும். பின் ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம் தசையில் ஆழமாக. உடலெல்லாம் சூடு பரவும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தத் தாய் பயந்து கையை இழுக்க மாட்டாள்.

மெக்னீசியம் நரம்பும் தசையும் சேரும் இடத்தை அமுக்குகிறது. அளவு கூடும்போது முதலில் முழங்கால் அனிச்சை மறைகிறது. அதற்கும் மேலே போனால் மூச்சு நிற்கிறது. இந்த வரிசைதான் நமக்குக் கிடைத்த பாதுகாப்பு. அடுத்த அளவுக்கு முன் முழங்காலைத் தட்டிப் பாருங்கள், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, முந்தைய நான்கு மணி நேரத்தில் 100 மி.லி. சிறுநீராவது போனதா என்று பாருங்கள். மெக்னீசியம் சிறுநீரில்தான் வெளியேறுகிறது; சிறுநீர் குறைந்தால் சரியான அளவும் மிகுதி ஆகிவிடும். மாற்று மருந்தான 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. அதே தட்டில் இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் அல்ல.

முதியவர், சிறுநீரகம், சாப்பாடு

கதிரறுத்து முதுகு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பெரியவர், வீட்டில் எனாலாப்ரிலும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால், வெயிலில் உடல் வற்றிய ஒரு வாரத்தில் சிறுநீரகம் சுருண்டுவிடும். மூன்றும் மூன்று வழியில் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. வாந்தி, பேதி என்று சேருபவரிடம் இந்த மூன்றையும் தேடுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினையும் சேர்த்து, தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரையைக் குறைக்கும் க்ளிமெபிரைடைப் போட்டுக்கொண்டு பழைய சோறுகூடச் சாப்பிடாமல் களையெடுக்கப் போய் மயங்கிய அம்மாவுக்கு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் கண்விழித்து, "நான் வீட்டுக்குப் போறேம்மா" என்பார். அனுப்பிவிடாதீர்கள். மாத்திரை உடலில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவரிடம் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும், சர்க்கரை மீண்டும் இறங்கும். உள்நோயாளியாக வைத்து மணிக்கு மணி பார்க்க வேண்டும். அவர் 'ஓலால்' குடும்ப மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் நடுக்கமும் படபடப்பும் தெரியாது. வேர்வை மட்டும் தெரியும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மாத்திரை வந்துவிடுகிறது, எப்போது சாப்பிடுவது என்ற அறிவு நம்மிடமிருந்துதான் போக வேண்டும். "காலை ஒன்று" என்று எழுதினால் போதாது. நம் ஊரில் காலை என்றால் ஐந்து மணிக் காபியும் காலைதான், பத்து மணிச் சோறும் காலைதான். எந்தச் சாப்பாட்டுக்கு முன், எதற்குப் பின் என்று கேட்டு எழுதுங்கள். கும்பகோணம் டிகிரி காபியை நானும் விடமாட்டேன். ஆனால் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, தேநீர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்கக்கூடாது; எலுமிச்சைச் சாறு உதவும். மலம் கறுக்கும் என்று முன்பே சொல்லாவிட்டால் பல கர்ப்பிணிகள் இரண்டாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சேற்றில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சலுக்காக டாக்சிசைக்ளின் கொடுக்கும்போது, நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது, இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும் என்றும், வெயிலில் தோல் எளிதில் கருகும், துண்டால் மூடிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லுங்கள்.

மின்சாரம் போனால்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. திறக்காத இன்சுலினும் ஆக்சிடோசினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. ஆக்சிடோசின் சூட்டில் வீரியம் இழந்தாலும் ஆம்பூல் பார்வைக்கு அப்படியே இருக்கும். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காதபோதுதான் அது தெரியவரும். திறந்த இன்சுலின் வயல் குளிர்ச்சியான அறையில் சுமார் நான்கு வாரம் தாங்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டாருக்கு, ஈர மணல்மேல் வைத்த மண் பானைக்குள், தண்ணீர் படாமல் மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். பனிக்கட்டியோடு ஒட்ட வைத்து உறைந்துபோன இன்சுலின், உருகியபின் தெளிவாக இருந்தாலும் பயன்படாது. பொடி வடிவ நஞ்சு முறிமருந்து திரவ வடிவத்தைவிடச் சூட்டைத் தாங்கும் என்பது நம் பகுதிக்கு ஒரு நல்ல செய்தி.

கேள்வி கேட்பதும் பதிவு செய்வதும்

மருந்தை நிறுத்தி வைப்பது மருத்துவரை எதிர்ப்பதாகாது. "ஏன் எழுதினீர்கள்?" என்று தொடங்காமல், பார்த்ததை எண்ணோடு சொல்லுங்கள்: "சார், ஆறாம் கட்டில் ஐயாவுக்கு ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன், துடிப்பு 48. வாந்தி இருக்கிறது, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். டிகாக்சினை நிறுத்தி வைத்திருக்கிறேன். பொட்டாசியம் பார்க்க இரத்தம் எடுக்கட்டுமா?" இப்படிச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்ட மருத்துவர்கள் மிகச் சிலர். தொலைபேசியில் வரும் உத்தரவை எழுதி, மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிப் படித்துக் காட்டி, "ஆமாம்" என்ற பதிலைக் கேட்டபின் கொடுங்கள். பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பம் அங்கேயே தீரும்.

மருந்தால் வந்ததென்று சந்தேகப்படும் எதையும், உறுதியாகத் தெரியாவிட்டாலும், செவிலியரே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிவிக்கலாம். 2010-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. படிவத்தில் மருந்தின் பெயரோடு தொகுதி எண்ணும் கேட்பார்கள். அதனால் தடிப்போ நடுக்கமோ தொடங்கிய உடனே காலி வயலைக் குப்பைக் கூடையில் போட்டுவிடாமல், நோயாளியின் பெயரை ஒட்டி, கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.